கடைசி பகா எண் எது, டீச்சர்?



இது கொஞ்சம் நீளமான பதிவு. வேலை முடித்து ஓய்வாக இருக்கும்போது படியுங்கள். கணக்கு என்றதும் தள்ளிவிட்டுப் போய்விடாதீர்கள். ஆறாம் வகுப்புக் கணக்கை விட்டு அதிகம் வெளியே போக மாட்டேன்.

போன வாரம் பேத்தி வீட்டுப்பாடம் செய்துகொண்டிருந்தாள். ஆறாம் வகுப்பு. எரட்டோஸ்தனிஸ் சல்லடை. உங்களுக்கும் ஞாபகம் இருக்கும். கரும்பலகையில் 1 முதல் 100 வரை கட்டம் போட்டு எழுதுவேன். 1-ஐ விட்டுவிட வேண்டும். 2-ஐ வட்டமிட்டு அதன் மடங்குகளை எல்லாம் அடிக்க வேண்டும். பிறகு 3, பிறகு 5, பிறகு 7. அடிபடாமல் மிச்சம் நிற்பவை 25 எண்கள். தன்னாலும் ஒன்றாலும் தவிர வேறு எதனாலும் மீதியில்லாமல் வகுபடாத எண்கள். அவைதான் பகா எண்கள்.

அவள் 97-க்கு வட்டம் போட்டுவிட்டு பென்சிலைக் கீழே வைத்தாள். "ஆச்சி, இது எங்க போய் முடியும்?"

நான் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தேன். கை அப்படியே நின்றுவிட்டது. இந்தக் கேள்வியை நான் முன்பே ஒரு தடவை கேட்டிருக்கிறேன்.

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு வருஷம். ஜன்னல் ஓரம் மூன்றாவது பெஞ்சில் ஒரு பையன். அப்பா சங்கு குளிக்கப் போகிறவர். பையனுக்கு மனக்கணக்கு அப்படி வரும். நான் போர்டில் எழுதி முடிப்பதற்குள் விடை சொல்லிவிடுவான். அன்றைக்கு எழுந்து நின்றான்.

"டீச்சர், கடைசி பகா எண் எது?"

"97."

"அது நூறுக்குள்ள டீச்சர். மொத்தத்துல கடைசி எது?"

"அது பாடத்துல இல்ல. உட்காரு."

வகுப்பு சிரித்தது. அவன் உட்கார்ந்தான். நான் அடுத்த கணக்கை எழுதத் தொடங்கினேன்.

உண்மையைச் சொல்கிறேன். எனக்கு விடை தெரியாது. ஆசிரியர் பயிற்சியில் பாடம் நடத்துவது எப்படி, குறிப்பேடு எழுதுவது எப்படி என்று நன்றாகச் சொல்லிக் கொடுத்தார்கள். ஒரு பிள்ளை நமக்குத் தெரியாததைக் கேட்டால் என்ன செய்வது என்று நானும் கேட்டுக்கொள்ளவில்லை, யாரும் சொல்லவும் இல்லை. "தெரியாது தம்பி, பார்த்துச் சொல்றேன்" என்று நாலு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்ல வாய் வரவில்லை.

ஏழெட்டு வருஷம் கழித்து ஒரு கோடை விடுமுறைப் பயிற்சி வகுப்பில் அந்த விடையைச் சொன்னார்கள். பத்து நிமிஷம் ஆனது. பஸ்ஸில் திரும்பி வரும்போது அந்தப் பையன் முகம்தான் கண்ணுக்குள் நின்றது. அதற்குள் அவன் கடலுக்குப் போக ஆரம்பித்துப் பல வருஷம் ஆகியிருந்தது.

அன்று சொல்லாத விடையை இன்று சொல்கிறேன். கடைசி பகா எண் என்று ஒன்று கிடையாது.

இதை 2300 வருஷத்துக்கு முன்னால் யூக்ளிட் நிரூபித்துவிட்டார். வழி ரொம்ப எளிது. பகா எண்கள் 2, 3, 5, 7 இந்த நாலு மட்டும்தான், இதோடு முடிந்தது என்று ஒருவர் பிடிவாதம் பிடிப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். சரி என்று நாலையும் பெருக்குங்கள். 210. அதோடு 1-ஐக் கூட்டுங்கள். 211. இதை 2-ஆல் வகுத்தால் மீதி 1. மூன்றால் வகுத்தாலும் மீதி 1. ஐந்தாலும் ஏழாலும் அப்படியே. ஆகவே பட்டியலில் இருக்கிற எதுவும் 211-ஐ வகுக்காது. ஆனால் 1-ஐ விடப் பெரிய எந்த எண்ணும் ஒன்று தானே பகா எண்ணாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் பகா எண்களைப் பெருக்கி வந்ததாக இருக்க வேண்டும். எப்படிப் பார்த்தாலும் பட்டியலில் இல்லாத பகா எண் ஒன்று வெளியே இருக்கிறது. நாலுக்குப் பதில் நாலு கோடி எண்களை எழுதி வைத்தாலும் இதே கதைதான்.

இங்கே ஒரு சின்ன இடறல் உண்டு. 1-ஐக் கூட்டினால் வருவது எப்போதும் பகா எண் என்று நினைத்துவிடாதீர்கள். 2, 3, 5, 7, 11, 13 ஆறையும் பெருக்கி 1 கூட்டினால் 30031. அது 59-ஐ 509-ஆல் பெருக்கினால் வருவது. பகா எண் இல்லை. ஆனால் 59, 509 இரண்டும் நம் பட்டியலில் இல்லாத பகா எண்கள்தானே. நிரூபணம் அப்போதும் நிற்கிறது.

2024 அக்டோபரில் இதுவரை தெரிந்தவற்றில் மிகப் பெரிய பகா எண்ணைக் கண்டுபிடித்தார்கள். அதில் 4 கோடியே 10 லட்சத்துக்கு மேல் இலக்கங்கள். அதற்கு அப்புறமும் இருக்கிறது. யூக்ளிட் வாக்குக் கொடுத்திருக்கிறார்.

முடிவு இல்லை, சரி. ஆனால் போகப் போக அரிதாகிக்கொண்டே வரும். இதை நம் ஊர்க்காரர்களுக்கு முத்தை வைத்துச் சொன்னால் புரியும். 1961-க்குப் பிறகு நம் கடலில் பழைய மாதிரி பெரிய முத்துக்குளிப்பு நடக்கவில்லை. அதனால் நான் பார்த்ததில்லை, என் அம்மா சொல்லக் கேட்டதுதான். குவியல் குவியலாகச் சிப்பி வரும். திறந்து பார்த்தால் பெரும்பாலானவற்றில் ஒன்றும் இருக்காது. கிடைத்த முத்துகளை வியாபாரிகள் பித்தளைச் சல்லடைகளில் போட்டுச் சலித்து அளவு பிரிப்பார்கள். எரட்டோஸ்தனிஸ் எண்களுக்குச் செய்ததும் ஒரு மாதிரி அதே வேலைதான்.

100 வரை 25 பகா எண்கள். நாலில் ஒன்று. 1000 வரை 168. ஏறக்குறைய ஆறில் ஒன்று. 10,000 வரை 1,229. எட்டில் ஒன்று. ஒரு லட்சம் வரை 9,592. பத்தரைக்கு ஒன்று. பத்து லட்சம் வரை 78,498. பதின்மூன்றுக்கு ஒன்று. ஒரு கோடி வரை 6,64,579. பதினைந்தில் ஒன்று. நாலு, ஆறு, எட்டு, பத்தரை, பதின்மூன்று, பதினைந்து. எல்லையைப் பத்து மடங்காக்கும்போதெல்லாம் இரண்டுக்குக் கொஞ்சம் மேலே கூடிக்கொண்டு போவதைப் பாருங்கள். தனித்தனியாகப் பார்த்தால் அடுத்த பகா எண் எங்கே வரும் என்று சொல்ல ஒரு எளிய சூத்திரம் கிடையாது. மொத்தமாகப் பார்த்தால் இவ்வளவு ஒழுங்கு. ஜெர்மனியில் காஸ் என்ற பையன் பதினைந்து வயதில் பட்டியலைப் பார்த்தே இதைக் கண்டுகொண்டான். அது நிரூபிக்கப்பட்டது 1896-ல். நூறு வருஷம் ஆனது.

நம் துறைமுகத்தில் வேலை பார்க்கிற பிள்ளைகளுக்கு ஒரு செய்தி. ராமானுஜன் 1912 மார்ச் முதல் தேதி மெட்ராஸ் துறைமுகத்தில் குமாஸ்தாவாகச் சேர்ந்தார். மாதச் சம்பளம் 30 ரூபாய். அங்கே இருந்துகொண்டுதான் 1913 ஜனவரியில் கேம்பிரிட்ஜில் இருந்த ஹார்டிக்குக் கடிதம் எழுதினார். ஒரு எண்ணுக்குள் எத்தனை பகா எண்கள் என்பதை மிகத் துல்லியமாகச் சொல்ல வழி கண்டுவிட்டதாகவும் அவர் நினைத்தார். அது அவர் நினைத்த அளவுக்குத் துல்லியம் இல்லை, தப்பு என்று பிறகு தெரிந்தது. ராமானுஜனே பகா எண்ணிடம் சறுக்கியிருக்கிறார். ஹார்டி அந்தத் தப்புக்காகக் கடிதத்தைத் தூக்கிப் போட்டுவிடவில்லை. கூப்பிட்டு உட்கார வைத்துப் பேசினார். 1919-ல் ராமானுஜன் பகா எண்களைப் பற்றி இரண்டே பக்கத்தில் ஒரு அழகான நிரூபணம் எழுதினார். 1-ஐ விடப் பெரிய எந்த எண்ணை எடுத்துக்கொண்டாலும், அதற்கும் அதன் இரட்டிப்புக்கும் நடுவில் ஒரு பகா எண்ணாவது இருக்கும் என்பதற்கு. அரிதாகிக்கொண்டே போனாலும் முழுக்க வற்றிப் போகாது என்று அர்த்தம்.

"இதைப் படிச்சு என்ன பிரயோஜனம் டீச்சர்?" என்று நீங்கள் கேட்டதும் ஞாபகம் இருக்கிறது. ஹார்டியே தன் கணிதத்தால் உலகத்துக்கு உபயோகம் இல்லை என்று 1940-ல் பெருமையாகவே எழுதினார். இப்போது என்ன ஆயிற்று பாருங்கள்.

89-ஐயும் 97-ஐயும் பெருக்கச் சொன்னால் தாளில் அரை நிமிஷத்தில் 8633 என்று சொல்லிவிடுவீர்கள். ஆனால் வெறுமனே 8633-ஐக் கொடுத்து, இது எந்த இரண்டு பகா எண்களின் பெருக்கல் என்று கேட்டால் எவ்வளவு நேரம் ஆகும்? பெருக்குவது சுலபம், பிரிப்பது கஷ்டம். 1977-ல் ரிவெஸ்ட், ஷமீர், ஏடல்மேன் என்ற மூன்று பேர் இந்த ஒரு விஷயத்தை வைத்து ஒரு பூட்டு செய்தார்கள். பெருக்கி வந்த எண்ணை ஊருக்கே காட்டலாம். அதை வைத்து யார் வேண்டுமானாலும் பூட்டலாம். திறக்க வேண்டுமானால் உள்ளே இருக்கும் இரண்டு பகா எண்களும் தெரிய வேண்டும். 2020-ல் 250 இலக்க எண் ஒன்றைப் பிரித்தார்கள். ஒரே ஒரு கம்ப்யூட்டர் கோர் தனியாகச் செய்தால் 2,700 வருஷம் ஆகியிருக்கும் என்பது கணக்கு. இப்போது பூட்டில் போடும் எண்களுக்கு 600 இலக்கத்துக்கு மேல்.

வாட்ஸ்அப் பூட்டு வேறு வகை. ஆனால் அதற்கு அடியிலும் ஒரு பகா எண் இருக்கிறது. 2-ஐ 255 தடவை எழுதிப் பெருக்கி, அதிலிருந்து 19-ஐக் கழித்தால் வரும் 77 இலக்க எண். மஸ்கட்டிலும் சிங்கப்பூரிலும் இருந்து நீங்கள் அனுப்புகிற "சாப்பிட்டீங்களா டீச்சர்" என்ற செய்திகூட அந்த எண்ணின் காவலில்தான் கடல் தாண்டி வருகிறது.

இதையெல்லாம் வெள்ளைக்காரர் விவகாரம் என்று நினைக்காதீர்கள். நம் திருநெல்வேலிச் சீமையிலேயே பகா எண்களோடு வாழ்ந்த ஒருவர் இருந்தார். எஸ். எஸ். பிள்ளை. சுப்பையா சிவசங்கரநாராயண பிள்ளை. 1901-ல் செங்கோட்டை பக்கம் வல்லத்தில் பிறந்தவர். முக்கூடலில் நடுநிலைப் பள்ளியில் படித்தார். முக்கூடலைத் தொட்டு வருகிற தாமிரபரணித் தண்ணீரைத்தான் நாம் இங்கே குடிக்கிறோம். ராமானுஜனைத் தெரிந்த அளவுக்கு இவரை நமக்குத் தெரியாது. நானும் ஓய்வு பெற்ற பிறகுதான் தெரிந்துகொண்டேன்.

அவர் கண்டுபிடித்தவற்றில் ஒன்றை உங்கள் பிள்ளைகளே செய்து பார்க்கலாம். இரண்டு எண்களுக்கு 1-ஐத் தவிரப் பொதுக் காரணி இல்லை என்றால் அவை சார் பகா எண்கள். 8-ம் 9-ம் மாதிரி. சொந்தம் இல்லாதவர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அடுத்தடுத்து வரும் எண்கள் 16 வரை எத்தனை எடுத்தாலும், அதில் ஒன்றாவது மற்ற யாரோடும் சொந்தம் இல்லாமல் தனியாக நிற்கும் என்று பிள்ளை நிரூபித்தார். 17 எடுத்தால் இது பொய்த்துப் போகும். 2184 முதல் 2200 வரை எழுதிப் பாருங்கள். 2197 என்பது 13-ஐ மூன்று தடவை பெருக்கியது. தனியாக நிற்பதுபோல் தெரியும். ஆனால் வரிசையின் ஆரம்பத்தில் நிற்கும் 2184-க்குள்ளும் 13 இருக்கிறது. பதினேழு பேரில் ஒருவர்கூட அநாதை இல்லை.

பிள்ளைக்கு ஒரு வயதில் அம்மா போய்விட்டார். உயர்நிலைப் பள்ளி செங்கோட்டையில். கடைசி வருஷம் படிக்கும்போது அப்பாவும் போய்விட்டார். படிப்பு அங்கேயே நின்றிருக்கும். அந்தப் பள்ளியில் சாஸ்திரியார் என்று ஒரு ஆசிரியர். பையனின் திறமையை முன்பே பார்த்து வைத்திருந்தவர். தன் கைக்காசைக் கொடுத்துப் படிக்க வைத்தார். பிள்ளை நாகர்கோவில் ஸ்காட் கிறிஸ்தவக் கல்லூரிக்குப் போனார், திருவனந்தபுரம் போனார், சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி செய்தார். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் 1929 முதல் பாடம் நடத்தினார். பிறகு கல்கத்தா. 1950-ல் அமெரிக்காவில் பிரின்ஸ்டனில் ஒரு வருஷம் ஆராய்ச்சி செய்யவும், உலகக் கணித மாநாட்டில் கலந்துகொள்ளவும் அழைப்பு வந்தது. ஆகஸ்ட் 31-ம் தேதி அவர் போன விமானம் கெய்ரோவிலிருந்து கிளம்பிய கொஞ்ச நேரத்தில் தீப்பிடித்துப் பாலைவனத்தில் விழுந்தது. 55 பேரில் ஒருவரும் பிழைக்கவில்லை. அவருக்கு வயது 49.

பிள்ளையின் கதையைப் படித்த அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. விமானத்தை நினைத்து இல்லை. சாஸ்திரியாரை நினைத்து.

அந்தப் பையன் எட்டாம் வகுப்பு பாதியில் பள்ளிக்கு வருவதை நிறுத்தினான். நான் அவன் வீட்டுக்குப் போனேன். அவன் அம்மா தாழ்வாரத்தில் பாய் போட்டு உட்கார வைத்தார். "அவுங்கப்பாவுக்கு முந்தி மாதிரி மூச்சு நிக்கல டீச்சர். கடன் வேற கெடக்கு. இவன் போனாத்தான் அடுப்பு எரியும்" என்றார். கலர் வாங்கிக் கொடுத்தார். குடித்துவிட்டு வந்துவிட்டேன். ஒரு தடவை போனேன். இரண்டாவது தடவை போகவில்லை. எனக்கும் அப்போது பிள்ளைகள் சின்னது, வீட்டுக் கடன் இருந்தது. எல்லாம் உண்மைதான். ஆனால் சாஸ்திரியாருக்கும் குடும்பம் இருந்திருக்கும்தானே.

அவன் இன்னொரு பிள்ளை ஆகியிருப்பான் என்று நான் சொல்லவில்லை. அது யாருக்கும் தெரியாது. ஆனால் ஒரு கேள்வி கேட்டான். அதற்கு விடை இருந்தது. அவனுக்குக் கிடைக்கவில்லை. அவ்வளவுதான் நான் சொல்வது.

சில வருஷம் முன்னால் திரேஸ்புரத்தில் மீன் வாங்கப் போனபோது பார்த்தேன். சொந்தமாக வள்ளம் வைத்திருக்கிறான். ஏலத்தில் யார் எவ்வளவு எடுத்தார்கள், யாருக்கு எவ்வளவு பங்கு என்று தாள் பேனா இல்லாமல் சொல்லிக்கொண்டிருந்தான். "டீச்சர்!" என்று ஓடி வந்து பை நிறைய ஊளி மீனைப் போட்டுக் கொடுத்தான். காசு வாங்கவில்லை. அந்தக் கேள்வி ஞாபகம் இருக்கா என்று கேட்டேன். "நான் எங்க டீச்சர் கேள்வியெல்லாம் கேட்டேன்" என்று சிரித்தான். அவனுக்கு நினைவே இல்லை. எனக்கு மட்டும்தான் இருக்கிறது.

பேத்தியிடம் வருகிறேன். யூக்ளிட் சொன்னதை அவளுக்குச் சொன்னேன். கவனமாகக் கேட்டாள். பிறகு கட்டத்தைத் திரும்பப் பார்த்து, "ஆச்சி, 11-13, 17-19, 29-31, 41-43 எல்லாம் ஜோடியா நிக்கிதே. இந்த ஜோடியும் முடியவே முடியாதா?" என்றாள்.

இதற்கு இரட்டைப் பகா எண்கள் என்று பெயர். முடியாது என்றுதான் எல்லோரும் நம்புகிறார்கள். 2013-ல் யிடாங் ஜாங் என்று அமெரிக்காவில் ஒரு பல்கலைக்கழக ஆசிரியர், ஐம்பத்தைந்து வயதைத் தாண்டியவர், அதுவரை பெயர் வெளியே தெரியாதவர், 7 கோடிக்குக் குறைவான இடைவெளியில் நிற்கும் பகா எண் ஜோடிகள் முடிவில்லாமல் உண்டு என்று நிரூபித்தார். அடுத்த ஒரு வருஷத்துக்குள் பலர் சேர்ந்து அந்த 7 கோடியை 246-க்குக் கொண்டு வந்துவிட்டார்கள். வேண்டியது 2. இன்னும் வரவில்லை.

"தெரியாது கண்ணு" என்றேன். "எனக்கும் தெரியாது, உங்க டீச்சருக்கும் தெரியாது. உலகத்துல யாருக்குமே தெரியாது."

"யாருக்குமேவா?" கண் விரிந்துவிட்டது அவளுக்கு. நோட்டை எடுத்துக்கொண்டு போய் 100-க்கு மேல் கட்டம் போட ஆரம்பித்துவிட்டாள். இந்த ஒரு வார்த்தைக்கு இவ்வளவு பலம் இருக்கும் என்று முப்பது வருஷத்துக்கு மேல் பாடம் நடத்தியும் எனக்குத் தெரியாமல் போய்விட்டது.

உங்களில் ஆசிரியர்களாக இருப்பவர்களுக்கும் பிள்ளைகளைப் பெற்றவர்களுக்கும் ஒன்றே ஒன்று. பிள்ளை கேட்பது தெரியாவிட்டால் தெரியாது என்று சொல்லுங்கள். பிறகு சேர்ந்து தேடுங்கள். பள்ளிக்கு வராமல் நின்றால் இரண்டாவது தடவையும் போங்கள்.

2184 முதல் 2200 வரை யார் யாருக்குச் சொந்தம் என்று செய்து பார்த்து எழுதுங்கள். தப்பாக இருந்தாலும் திட்ட மாட்டேன்.

அவன் பேஸ்புக்கில் இல்லை. அவனோடு படித்தவர்கள் பத்துப் பேராவது இங்கே இருக்கிறீர்கள். யாரைச் சொல்கிறேன் என்று உங்களுக்குத் தெரியும். கரையில் பார்த்தால் டீச்சர் சொன்னதாகச் சொல்லுங்கள். கடைசி பகா எண் என்று ஒன்று கிடையாது. அவன் கேட்டது நல்ல கேள்வி.